மெஷின் எந்த வளைவில் நின்றது? டெராஃபார்ம் தகராறு செய்தால் தேடும் முறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக்குக்குப் போன் போட்டு "வண்டி ஓடலைங்க" என்றால் போதாது. "எத்தனாவது வளைவுங்க?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் சின்ன அலுவலகத்தில் வாரம் ஒரு முறையாவது இதே பேச்சு நடக்கும். இங்கே மெஷின் என்பது சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் கணினி, டெராஃபார்ம் என்பது கோப்பில் எழுதியபடி அதை உருவாக்கும் கருவி.

"அண்ணா, மெஷின் வரமாட்டேங்குதுங்கண்ணா."

"எங்க நின்னுச்சு தம்பி?"

"தெரியலீங்கண்ணா, சிவப்பா என்னென்னமோ வருது. டெஸ்ட்ராய் பண்ணிட்டு மறுபடி ஓட்டட்டுங்களா?"

வேண்டாம். அழித்துவிட்டு ஓட்டினால் சில சமயம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வாடிக்கையாளரின் மெஷினில் வரும். அங்கே அழிக்கவும் முடியாது.

எங்கள் ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்கு அலுவலகத்திலேயே ஒரு பழைய சர்வர் இருக்கிறது. அதில் உபுண்டு லினக்ஸ், ஒரே சர்வருக்குள் பல மெஷின்களை ஓட்டும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட். வாடிக்கையாளர்களுக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலை, கொலுசுப் பட்டறை, மலை மேல் ஒரு காபி எஸ்டேட், அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜியன். இரண்டு இடத்திலும் மெஷினை எழுப்புவது டெராஃபார்ம். எழுந்த மெஷினுக்குள் முதல் வேலையைச் செய்வது கிளவுட்-இனிட், மீதியைச் செய்வது ஆன்சிபிள். 2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் உரிமம் மாறிய பிறகு பிரிந்து வந்த ஓப்பன்டோஃபு வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும்.

ஒரு மெஷின் பிறப்பதற்குள் கடக்கும் வளைவுகள் இவை: கோட் படிக்கப்படுகிறது, புரொவைடர் (அந்தந்த கிளவுடோடு பேசும் துணை நிரல்) இறங்குகிறது, கிளவுடிடம் மெஷின் கேட்கப்படுகிறது, மெஷின் பூட் ஆகிறது, அதற்கு ஐபி கிடைக்கிறது, நாம் உள்ளே நுழைகிறோம், கிளவுட்-இனிட் ஓடுகிறது, ஆன்சிபிள் ஓடுகிறது. இவை அனைத்துக்கும் பக்கத்திலேயே, எதையெல்லாம் உருவாக்கினோம் என்று டெராஃபார்ம் குறித்துவைக்கும் ஸ்டேட் கோப்பு ஓடி வருகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன், அது தனிக் கதை.

படி 1: ஓட்டாதீர்கள், படியுங்கள்

டெராஃபார்மின் எரர் செய்தியில் மூன்று விஷயங்கள் இருக்கும்: என்ன தவறு, எந்த ரிசோர்ஸ், எந்தக் கோப்பில் எத்தனாவது வரி. பலர் கடைசியில் தெரியும் பெட்டியை மட்டும் பார்க்கிறார்கள். டெராஃபார்ம் இயல்பாக ஒரே நேரத்தில் 10 வேலைகள் வரை செய்யும் என்பதால் ஒரே ஓட்டத்தில் நாலைந்து எரர் வரலாம். மேலே போய் முதல் பெட்டியிலிருந்து படியுங்கள்.

அது போதவில்லை என்றால் டிஎஃப்_லாக் என்ற சூழல் மாறியில் 'டீபக்' என்று வைத்து, டிஎஃப்_லாக்_பாத் மாறியில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். கிளவுடுக்குப் போன கேள்வியும் வந்த பதிலும் அந்தக் கோப்பில் விழும். அதில் பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாம் சேர்ந்து விழ வாய்ப்பு உண்டு. அந்தக் கோப்பை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டு "யாராவது பாருங்க" என்று கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: இனிட், பிளான் நிலையிலேயே நின்றால்

டெராஃபார்மில் இனிட் என்பது தயாரிப்பு, பிளான் என்பது என்ன மாறும் என்ற முன்னோட்டம், அப்ளை என்பது நிஜமாகச் செய்வது. முதல் இரண்டில் நிற்பது நல்லது. இன்னும் எதுவும் உருவாகவில்லை, காசும் போகவில்லை. மூன்று காரணங்களைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலாவது, புரொவைடர் இறங்காதது. ஏடபிள்யூஎஸ் புரொவைடர் பல நூறு எம்பி. ஏற்காட்டில் மூடுபனிக்குள் உட்கார்ந்துகொண்டு மொபைல் டேட்டாவில் இதை இறக்க நினைத்தால் பாதியில் அறுந்துவிடும். டிஎஃப்_பிளக்கின்_கேஷ்_டிர் என்ற மாறியில் ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால், ஒரு முறை இறங்கியதை எல்லா புராஜெக்டும் பகிர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, செக்சம் (கோப்பின் அடையாளக் குறி) பொருந்தவில்லை என்ற எரர். விண்டோஸ் லேப்டாப்பில் ஒருவர் இனிட் போட்டு, புரொவைடரின் பதிப்பைப் பூட்டிவைக்கும் லாக் கோப்பை, எல்லோரும் கோட் பகிரும் கிட்டில் ஏற்றியிருப்பார். லினக்ஸ் சர்வரில் இன்னொருவர் ஓட்டுவார். அந்தக் கோப்பில் லினக்ஸுக்கான அந்தக் குறி, அதாவது ஹேஷ், இருக்காது. 'டெராஃபார்ம் புரொவைடர்ஸ் லாக்' கட்டளையில் இரண்டு பிளாட்ஃபாரத்தையும் குறிப்பிட்டு ஒரு முறை ஓட்டினால் தீர்ந்தது. கோப்பையே அழித்துவிடுவது குறுக்குவழி. ஆனால் அழித்தால் புரொவைடரின் பதிப்பும் சத்தமில்லாமல் மாறிவிடலாம்.

மூன்றாவது, கடிகாரம். போன கோடையில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. காலையில் சர்வரைப் போட்டதும் இனிட் நின்றது: சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றது. ஃபயர்வாலைப் பார்த்தேன், புராக்ஸியைப் பார்த்தேன், இணைய இணைப்பு கொடுத்தவரிடம் சண்டையும் போட்டாயிற்று. கடைசியில் 'டேட்' கட்டளையை ஓட்டினால் தேதி பல வருஷம் பின்னால் இருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. நேரம் தப்பினால் டிஎல்எஸ் சான்றிதழ் மட்டுமல்ல, ஏடபிள்யூஎஸ்ஸுக்குப் போகும் கையொப்பமும் செல்லாது. சில நிமிட வித்தியாசமே போதும். இப்போது நான் எதையும் சந்தேகப்படும் முன்னால் 'டேட்' போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

படி 3: கிளவுட் மறுத்தால்

மறுப்பு பல வகை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அனுமதி இல்லை என்று வந்தால் ஐஏஎம் பாலிசியில் (யார் எதைச் செய்யலாம் என்ற விதி) ஏதோ விடுபட்டிருக்கிறது. கூடவே புரியாத நீண்ட எழுத்துச் சரம் ஒன்று வரும். அதை ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்டிஎஸ் சேவையின் 'டீகோட் ஆத்தரைசேஷன் மெசேஜ்' கட்டளைக்குக் கொடுத்தால் எந்தச் செயலுக்கு அனுமதி இல்லை என்று விரித்துச் சொல்லும். அதை விட்டுவிட்டு எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது.

விசிபியு (மெஷினுக்கு ஒதுக்கும் புராசஸர் அளவு) வரம்பு தாண்டியது என்று வந்தால் உங்கள் கணக்கின் கோட்டா தீர்ந்தது. டி, எம், சி, ஆர் போன்ற வழக்கமான மெஷின் குடும்பங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே விசிபியு கணக்கு. மலிவாகக் கிடைத்தாலும் இடையில் பறிக்கப்படக்கூடிய ஸ்பாட் மெஷினுக்குத் தனிக் கணக்கு. சர்வீஸ் கோட்டாஸ் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உடனே கிடைக்கும் என்று நம்பி வாடிக்கையாளரிடம் தேதி சொல்லிவிடாதீர்கள்.

போதிய கொள்ளளவு இல்லை என்று வந்தால் அது உங்கள் தவறு அல்ல. அந்த அவெயிலபிலிட்டி ஸோனில் (ரீஜியனுக்குள் ஒரு பகுதி) அந்த ரக மெஷின் அப்போதைக்குத் தீர்ந்துவிட்டது. வேறு ஸோனுக்கோ வேறு ரகத்துக்கோ மாறுங்கள். இதையும் கோட்டா எரரையும் குழப்பிக்கொண்டு, கோட்டா கூட்டச் சொல்லி விண்ணப்பம் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இமேஜ் (மெஷினை எடுக்கும் டிஸ்க் அச்சு) ஐடி இல்லை என்று வந்தால், பெரும்பாலும் வேறு ரீஜியனின் ஐடியை ஒட்டியிருப்பீர்கள். மும்பையின் ஐடி ஹைதராபாத்தில் செல்லாது. ஐடியைக் கையால் எழுதாமல் டேட்டா பிளாக்கில் பெயரைக் கொடுத்துத் தேட வைப்பதே நல்லது.

இவற்றைவிடக் கள்ளத்தனமான ஒன்று உண்டு. மெஷின் உருவாகிறது, 'பெண்டிங்' என்கிறது, வந்த வேகத்தில் 'டெர்மினேட்டட்' ஆகிவிடுகிறது. டெராஃபார்ம் சொல்வதில் காரணம் தெளிவாக இருக்காது. ஏடபிள்யூஎஸ் கன்சோலில் அந்த மெஷினைத் திறந்து 'ஸ்டேட் டிரான்சிஷன் ரீசன்' என்ற வரியைப் பாருங்கள். மெஷினைத் தொடங்கும்போது கிளையன்ட் எரர் என்று இருந்தால், முதலில் என்கிரிப்ட் செய்த டிஸ்கையும் அதைத் திறக்கும் கேஎம்எஸ் சாவியின் அனுமதியையும் சந்தேகப்படுங்கள். செத்த மெஷின் கொஞ்ச நேரம்தான் பட்டியலில் தெரியும், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

படி 4: சொந்த சர்வரில் எழவில்லை என்றால்

டெவ் கோப்புறையில் கேவிஎம் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். இருந்தும் இணைப்பு மறுக்கப்பட்டால் உங்கள் பயனர் லிப்வர்ட் குரூப்பில் இல்லை. சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி லாகின் செய்ய வேண்டும். இதை மறந்து அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வது எல்லோருக்கும் ஒரு முறை நடக்கும்.

டிஸ்க் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று உபுண்டுவில் வந்தால் அதன் பாதுகாப்புக் காவலான ஆப்ஆர்மர்தான் தடுக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்லும் யோசனை எங்கே தேடினாலும் முதலில் கிடைக்கும். அதற்கு முன் இமேஜ் கோப்புகளை லிப்வர்ட்டின் வழக்கமான கோப்புறைக்கு மாற்றிப் பாருங்கள். ஹோம் கோப்புறையில் பூல் (டிஸ்க் கோப்புகளின் சேமிப்பிடம்) வைத்ததால் வரும் தகராறு பெரும்பாலும் அதிலேயே தீரும்.

மெஷின் ஓடுகிறது, ஆனால் டெராஃபார்ம் ஐபிக்காகக் காத்துக் காத்துக் கைவிட்டதா? 'விர்ஷ் நெட்-லிஸ்ட்' போட்டு டிஃபால்ட் நெட்வொர்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் அது தானாக எழாமல் இருந்திருக்கலாம். 'நெட்-ஆட்டோஸ்டார்ட்' ஒரு முறை போட்டால் பிறகு தொல்லை இல்லை. நெட்வொர்க் சரி என்றால் 'விர்ஷ் கன்சோல்' வழியாக மெஷினுக்குள் எட்டிப் பாருங்கள். கெர்னலே நின்றுவிட்டதா, லாகின் திரை வரை வந்ததா என்று அங்கே தெரிந்துவிடும்.

இரண்டு மெஷினுக்கு ஒரே ஐபி வருகிறதா? நீங்களே தயாரித்த இமேஜிலிருந்து இரண்டையும் எடுத்திருப்பீர்கள். அந்த இமேஜுக்குள் மெஷின்-ஐடி கோப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்த ஐடியை வைத்துத்தான் லினக்ஸின் சிஸ்டம்டி, ஐபி வழங்கும் டிஹெச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. இரட்டையர் ஒரே ரேஷன் கார்டை நீட்டுவது போல. இமேஜை மூடும் முன் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், காலியாக இருந்தால் போதும்.

மெஷின் 'பாஸ்டு' (இடைநிறுத்தம்) என்று காட்டினால் யோசிக்கவே வேண்டாம், சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

படி 5: எஸ்எஸ்ஹெச் சொல்லும் மூன்று பதில்கள்

எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்து மெஷினுக்குள் நுழையும் வழி. அது சொல்லும் இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நேரம் கடந்தது என்று வந்தால் நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவே இல்லை. செக்யூரிட்டி குரூப்பில் (மெஷினின் ஃபயர்வால்) எஸ்எஸ்ஹெச்சின் போர்ட் 22 திறந்திருக்கிறதா, சப்நெட்டின் ரூட் டேபிளில் இன்டர்நெட் கேட்வே இருக்கிறதா, மெஷினுக்குப் பப்ளிக் ஐபி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களைப் போல் அலுவலக ஐபிக்கு மட்டும் கதவைத் திறப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ரௌட்டர் அணைந்து எழுந்தால் அலுவலகத்தின் ஐபியே மாறியிருக்கலாம்.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் வீடு இருக்கிறது, கதவைத் திறக்க ஆள் வரவில்லை. மெஷின் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் பொறுங்கள். டெராஃபார்மைப் பொறுத்தவரை மெஷின் 'ரன்னிங்' ஆனதும் வேலை முடிந்தது. உள்ளே எஸ்எஸ்ஹெச் எழுந்ததா என்று அது பார்ப்பதில்லை.

அனுமதி மறுப்பு, பப்ளிக் கீ என்று வந்தால் கதவு வரை போய்விட்டீர்கள். சாவியோ பெயரோ தவறு. உபுண்டு இமேஜுக்குப் பயனர் பெயர் 'உபுண்டு', அமேசான் லினக்ஸுக்கு 'ஈசி2-யூசர்', டெபியனுக்கு 'அட்மின்'. பெயரும் சாவியும் சரி என்றால், கிளவுட்-இனிட் சாவியை உள்ளே வைக்கும் முன்பே நீங்கள் தட்டியிருக்கலாம். அல்லது அது வைக்கவே இல்லை.

படி 6: கிளவுட்-இனிட்

என் அனுபவத்தில் பாதிக் கோளாறுகள் இங்கேதான். டெராஃபார்ம் பச்சையாகச் சிரிக்கும், மெஷினுக்குள் போனால் வெறும் வீடு.

உள்ளே நுழைந்ததும் 'கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ்' கட்டளையை 'லாங்' தேர்வோடு போடுங்கள். 'ரன்னிங்' என்றால் காத்திருங்கள். 'எரர்' என்றால் வார்-லாக் கோப்புறையில் இரண்டு கோப்புகள் இருக்கும்: கிளவுட்-இனிட் என்று ஒன்று, கிளவுட்-இனிட்-அவுட்புட் என்று ஒன்று. நீங்கள் எழுதிய கட்டளைகள் கக்கியதெல்லாம் இரண்டாவதில் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

'டன்' என்று சொல்லியும் எதுவும் நடக்கவில்லை என்றால்? எங்கள் தம்பி ஒருவனுக்கு நடந்தது இது. கிளவுட்-இனிட்டுக்குக் கொடுக்கும் யூசர்டேட்டா கோப்பு யாருடையது என்று தெரியட்டும் என்று வாடிக்கையாளர் பெயரை முதல் வரியில் கமென்டாக எழுதியிருந்தான். # குறியோடு கிளவுட்-கான்ஃபிக் என்று எழுதும் வரி இரண்டாவதுக்குப் போய்விட்டது. அந்த வரி முதல் வரியாக, முதல் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையென்றால் கிளவுட்-இனிட்டுக்கு அது என்ன கோப்பு என்றே தெரியாது. மல்டிபார்ட் அல்லாத யூசர்டேட்டா, கையாளவில்லை என்று லாகில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு நகர்ந்துவிடும். இதன் இன்னொரு முகம் ஹியர்டாக்கில் (கோட்டுக்குள் பல வரிகளை அப்படியே எழுதும் முறை) வரும்: டெராஃபார்ம் கோப்பில் அழகுக்காகத் தள்ளி எழுதியிருப்போம், அந்த இடைவெளியும் சேர்ந்தே மெஷினுக்குப் போகும். ஹியர்டாக்கைத் தொடங்கும் இரண்டு சிறு அம்புக்குறிக்குப் (<<) பிறகு ஒரு கோடு (-) சேர்த்தால் டெராஃபார்ம் அந்த இடைவெளியைக் கழித்துவிடும். அந்தக் கோடு ஒன்றுக்காக நாங்கள் ஒரு சாயங்காலம், இரண்டு தட்டுவடை செட் செலவழித்தோம்.

அடுத்த பொறி: யூசர்டேட்டாவைத் திருத்திவிட்டு அப்ளை போடுவீர்கள். ஏடபிள்யூஎஸ் புரொவைடர் இயல்பாக மெஷினை நிறுத்தி, புது யூசர்டேட்டாவை வைத்து, மறுபடி எழுப்பும். மாற்றம் ஏறியது என்று டெராஃபார்மும் சொல்லும். ஆனால் மெஷினின் ஐடி அதேதான். கிளவுட்-இனிட்டோ ஒரு ஐடிக்கு ஒரு முறைதான் அந்த வேலைகளைச் செய்யும். ஆகவே உள்ளே எதுவும் மாறாது. 'யூசர்_டேட்டா_ரிப்ளேஸ்_ஆன்_சேஞ்ச்' என்பதை ட்ரூ ஆக்கினால் புது மெஷினே வரும். டேட்டா உள்ள மெஷினில் இதைப் போடும் முன் நன்றாக யோசியுங்கள். பரிசோதனை மெஷின் என்றால் 'கிளவுட்-இனிட் கிளீன்' போட்டு ரீபூட் செய்தாலே முதலிலிருந்து ஓடும்.

இன்னும் சில, வேகமாக. கிளவுட்-இனிட் கோப்பின் 'ரன்சிஎம்டி' பகுதியில் எழுதும் வரிகளை ஓட்டுவது பாஷ் ஷெல் அல்ல, எஸ்ஹெச்; உபுண்டுவில் 'சோர்ஸ்' கட்டளை அங்கே தெரியாது. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டின் வரி முடிவு வேறாக இருப்பதால் 'பேட் இன்டர்பிரிட்டர்' என்று விழும். ஏடபிள்யூஎஸ்ஸில் யூசர்டேட்டா 16 கேபிக்கு மேல் போகாது. எழுதி முடித்ததும் 'கிளவுட்-இனிட் ஸ்கீமா' கட்டளையால் கோப்பைச் சோதித்துவிட்டால் பாதித் தவறு அங்கேயே சிக்கும்.

படி 7: ஆன்சிபிள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஏபிடி (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) பூட்டு கிடைக்கவில்லை என்று விழுந்தால் கிளவுட்-இனிட்டோ உபுண்டுவின் தானியங்கி அப்டேட்டோ இன்னும் வேலை செய்கிறது. முதல் டாஸ்க்காக 'கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ்' கட்டளையை 'வெயிட்' தேர்வோடு வைத்துவிடுங்கள். ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று கத்தினால் பழைய மெஷினின் ஐபி புது மெஷினுக்கு வந்திருக்கிறது. மெஷினை மாற்றியது நீங்கள்தான் என்று உறுதியானால் நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து பழைய வரியை எடுங்கள்.

படி 8: ஸ்டேட், பூட்டு, ஏற்காடு பஸ்

காபி எஸ்டேட் வேலை முடிந்து ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று இருந்த அப்ளையை, ஜன்னலோர சீட் கிடைத்த தெம்பில், போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். செக்யூரிட்டி குரூப் வந்தது. மெஷின் வந்துகொண்டிருந்தது. இரண்டு வளைவு தாண்டியதும் சிக்னல் போனது. கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பு எழுத்துகள். படிக்காமல் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அந்தச் சிவப்பு எழுத்துகள் சொன்னது இதுதான்: ஸ்டேட்டை ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்பிடமான எஸ்3-க்கு அனுப்ப முடியவில்லை, அதனால் இதே கோப்புறையில் 'எரர்ட் டிஎஃப்ஸ்டேட்' என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன், இப்போது மறுபடி அப்ளை போடாதே. நான் அஸ்தம்பட்டி வந்து மறுபடி அப்ளை போட்டேன். ஸ்டேட்டுக்குப் பூட்டு இருக்கிறது என்றது, ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் இருக்கப் போடும் பூட்டு. பூட்டை எடுக்கவும் நெட்வொர்க் வேண்டும் இல்லையா, அது அப்படியே கிடந்தது. 'ஃபோர்ஸ்-அன்லாக்' போட்டேன். அதே பெயரில் செக்யூரிட்டி குரூப் ஏற்கெனவே இருக்கிறது என்றது. பெயரை மாற்றி ஓட்டினேன். ஓடியது. மும்பையில் இப்போது இரண்டு மெஷின்.

நான் செய்திருக்க வேண்டியது: பூட்டுச் செய்தியில் 'ஹூ' என்ற இடத்தில் யார் பெயர், எந்தக் கணினி என்று இருக்கும், அது வேறொருவர் என்றால் முதலில் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். என் பெயர்தான், ஓட்டமும் செத்துவிட்டது என்று உறுதியான பிறகே ஃபோர்ஸ்-அன்லாக். அப்புறம் 'டெராஃபார்ம் ஸ்டேட் புஷ்' கட்டளையால் அந்த எரர்ட் கோப்பை மேலே ஏற்றி, பிளான் பார்த்திருக்க வேண்டும். பாதியில் அறுந்த மெஷின் 'டெயின்டட்' (கெட்டது) என்று குறிக்கப்பட்டிருக்கும், அப்படியே விட்டால் அடுத்த அப்ளை அதை மாற்றிவிடும்; மெஷின் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் 'அன்டெயின்ட்' போடலாம். எரர்ட் கோப்பு கையில் இல்லை என்றால் இம்போர்ட்தான், அதாவது இருக்கும் மெஷினை ஸ்டேட்டில் சேர்ப்பதுதான், வழி. டெராஃபார்ம் 1.5 பதிப்பிலிருந்து இம்போர்ட் பிளாக்கை கோட்டிலேயே எழுதலாம், ஸ்டேட்டைத் தொடும் முன் பிளானில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நிம்மதி.

என் விஷயத்தில் அனாதையாகிவிட்ட முதல் மெஷினில் எதுவும் இல்லை. கன்சோலில் போய் அழித்தேன். ரூட் டிஸ்க் கூடவே போனது. தனியாகச் சேர்த்திருந்த டேட்டா டிஸ்க் போகவில்லை, அதைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. எந்த மெஷினிலும் ஒட்டாமல் நிற்கும் எலாஸ்டிக் ஐபியையும் (கணக்கில் ஒதுக்கிவைத்த நிலையான பப்ளிக் ஐபி) பாருங்கள், 2024 பிப்ரவரியிலிருந்து எல்லாப் பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கணக்கில் காசு. புரொவைடர் பிளாக்கில் 'டிஃபால்ட்_டேக்ஸ்' (உருவாக்குபவற்றில் ஒட்டும் பெயர்ச்சீட்டு) வைத்துவிட்டால் இந்தத் தேடல் சுலபம். புராஜெக்ட் பெயரை வைத்து வடிகட்டி, ஸ்டேட்டில் இல்லாதது எது என்று ஒப்பிட்டால் போதும்.

இப்போதெல்லாம் அப்ளை எங்கள் அலுவலக சர்வரில், டிமக்ஸுக்குள் மட்டும். என் லேப்டாப் அறுந்தாலும் ஓட்டம் அங்கே நடந்துகொண்டிருக்கும். "அப்ப பஸ்ல பிளான் மட்டும் ஓட்டலாங்களாண்ணா?" என்று தம்பி கேட்டான். பிளானும் பூட்டுப் போடும்டா என்றேன்.